நுவரெலியா போய்வந்த பிள்ளைக்கு எது நினைவிருக்கிறது?

ஏப்ரல் விடுமுறை முடிந்ததும் என்னிடம் வரும் இளம் பெற்றோர் பலர் ஒரே கவலையைத்தான் சொல்கிறார்கள். "எவ்வளவு செலவழிச்சு நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். படகு, குதிரை, பூந்தோட்டம் எல்லாம் காட்டினோம். வழி நெடுக அழுதுகொண்டே வந்தான். இப்ப கேட்டா ஒண்டும் சொல்லுறான் இல்லை." வெள்ளவத்தையில் சிறுவர் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இதைக் கேட்கும்போது பிள்ளையும் பாவம், பெற்றோரும் பாவம் என்றுதான் தோன்றும். பிள்ளைக்கு நல்ல நினைவுகள் வேண்டும் என்ற ஆசையில்தானே இவ்வளவும் செய்தார்கள்.

பெரியவர்களான நம்மில் பெரும்பாலானோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது எதுவும் நினைவில் இல்லை. அதற்காகச் சின்னப் பிள்ளைக்கு ஞாபகமே கிடையாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பட்ரீசியா பவரின் குழுவினர், மூன்று வயதுப் பிள்ளைகள் தங்களுக்கு நடந்தவற்றைத் தாயோடு பேசியதைப் பதிவுசெய்து வைத்தார்கள். சில வருடங்கள் கழித்து அதே சம்பவங்களைப் பற்றி அவர்களிடம் கேட்டார்கள். 5 முதல் 7 வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. 8, 9 வயதில் கேட்கப்பட்டவர்களிடம் அது 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

ஆக, நினைவு உண்டாகிறது, பிறகு தேய்கிறது. தேயாமல் தங்க வைப்பதில் வீட்டுப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் ரொபின் ஃபிவுஷ் பல வருடங்களாக ஆராய்ந்தது இதைத்தான். நடந்ததை விரிவாக, பிள்ளையையும் பேச விட்டுப் பேசும் தாய்மாரின் பிள்ளைகள், தங்கள் கதையைக் கூடுதல் விபரத்தோடு சொல்கிறார்கள்.

அதனால் எங்கே போவது என்பதை விட, அங்கே பிள்ளையின் கைக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசியுங்கள். அதற்குத் தொடர்மாடி வீட்டின் குசினியே போதும். தீபாவளிக்குச் சிப்பிப் பலகாரம் செய்கிறீர்களா? குழைத்த மாவில் சுண்டைக்காய் அளவு ஓர் உருண்டை. புதுச் சீப்பு ஒன்றைக் கழுவித் துடைத்து, பல்லின் மேல் அந்த உருண்டையை வைத்துக் கொடுங்கள். நாலு வயதுப் பிள்ளை பெருவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாகச் சிப்பி சுருண்டு வரும். முதலில் எல்லாம் தட்டையாகத்தான் போகும். அம்மம்மா அவற்றைத் திருத்தாமல் அப்படியே தட்டில் சேர்க்க வேண்டும், இது முக்கியம். எண்ணெய் கொதிக்கும் நேரம் பிள்ளை குசினிக்கு வெளியே. பாகு போட்டு ஆறியதும் தன்னுடைய கோணல் சிப்பி எங்கே என்று தட்டைத் துழாவுவான் பாருங்கள், அந்த முகத்தை எந்தக் குதிரைச் சவாரியிலும் பார்க்க முடியாது.

காலி முகத்திடலில் பட்டம் விடுவதும் இப்படித்தான். நூலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். விழுந்தால் விழட்டும்.

பௌத்தர்களின் வெசாக் பண்டிகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். இரவு பதினொரு மணிக்கு நெரிசலில் தோளில் தூங்கி வழியும் பிள்ளைக்குப் பந்தலைக் காட்டி என்ன பயன்? இருட்டத் தொடங்கியதும் இறங்கி, உங்கள் ஒழுங்கையில் தொங்கும் வெசாக் கூடுகளை, அந்தக் காகித விளக்குகளை, நடந்து பாருங்கள். இலவசமாகச் சாப்பாடும் குடிபானமும் கொடுக்கும் பக்கத்துத் தன்சலில் ஏதாவது குடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வாருங்கள்.

ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் லண்டன், கனடா உறவினர்கள் வந்து இறங்கியதும் பிள்ளைகள் படும் பாடு தனி. காலையில் கோயில், மத்தியானம் மாமா வீடு, பின்னேரம் கடை, இரவு விருந்து. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும் என்று உறவினர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். கோபித்தாலும் விளங்கிக்கொள்வார்கள்.

அப்புறம், பேசும் விதம். "என்ன பார்த்தாய்? சொல்லு, சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும், பரீட்சை மாதிரி ஆகிவிடும். படுக்கப் போகும் நேரம் நீங்களே தொடங்குங்கள். "இண்டைக்குப் பட்டம் மேலே போகும்போது காத்து எப்படி இழுத்தது, என்ன?" பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு கேள்வி. நடக்காத ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் "அது பொய்" என்று வெட்டாதீர்கள். "அப்படியா? எனக்கு மழை வந்தது ஞாபகம்" என்று உங்கள் பங்கையும் சொன்னால் போதும்.

பட்டாசுக்குக் காதைப் பொத்தும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல வேண்டாம். உள்ளே கூட்டிப் போய் யன்னலால் காட்டுங்கள். ஆனால் மிக்சி, ஓட்டோ ஹோர்ன், முன்பள்ளி மணி என்று அன்றாடச் சத்தங்களுக்கும் அப்படியே துடித்தால், குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது. பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் காட்டலாம்.