தோட்டத்தில் வேலை இழந்தவருக்குச் சோலார் பயிற்சி: பணம் எங்கே தடைபடுகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிவரும் இந்நாளில், வேலை இழந்த தொழிலாளர்களிடையே "சோலார் தகடு பொருத்தப் பழகினால் அரசாங்கம் பணம் தருகிறதாமே" என்ற பேச்சு அடிபடுகிறது. பணம் உண்டு. பெர்கேசோ, அதாவது நாம் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, 2018 ஜனவரி முதல் நடத்திவரும் வேலைக் காப்புறுதித் திட்டத்திலிருந்து அது வருகிறது. வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை, பயிற்சிக்குக் கட்டணம், பயிற்சி நாள்களுக்குப் படி ஆகியவை அதில் அடங்கும். சட்டம் வந்தபோது பயிற்சிக் கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பு 4,000 ரிங்கிட். தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளியிடமிருந்து அதே அளவும் மாதந்தோறும் பிடித்துச் சேர்த்த பணம் இது. கேட்டு வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால், ஒரே ஒரு தாள் இந்த உரிமையை அழித்துவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்த ஓர் அக்காள், நெகிழிப் பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். மலாயில் மூன்றே வரிகள். நடுவில் "மெலெத்தாக் ஜாவாத்தான் செச்சாரா சுக்காரேலா" என்று இருந்தது. விருப்பப்பட்டுப் பதவி விலகுகிறேன் என்பது அதன் பொருள். கையெழுத்துப் போட்டால்தான் காசோலை கிடைக்கும் என்று தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) சொன்னாராம், அக்காளும் போட்டுவிட்டார். தாமாக விலகியவருக்கு இத்திட்டத்தில் ஒரு காசும் கிடையாது. முதலாளியே முன்வைக்கும் தன்விருப்ப ஆட்குறைப்புத் திட்டத்தில் வெளியேறியவருக்கோ கிடைக்கும். இரண்டு கடிதத்திலும் "சுக்காரேலா" என்ற சொல் வரும் என்பதுதான் கொடுமை. ஆகவே ஆட்குறைப்பா, தோட்டம் மூடப்படுகிறதா என்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காண்டிராக்டரின் கீழ் வேலை செய்தவர்களின் நிலை இதைவிட மோசம். ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, அது முடிந்தது என்று அனுப்பிவிட்டால், சட்டம் அதை வேலை இழப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. மாதந்தோறும் பிடிக்கும் சந்தாவையும் பார்க்க வேண்டும்: முதல் முறை விண்ணப்பிப்பவர், வேலை போவதற்கு முந்தைய 24 மாதங்களில் 12 மாதங்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தத்துக்குக் கீழே "எஸ்.ஐ.பி." (இத்திட்டத்தின் மலாய்ச் சுருக்கப்பெயர்) என்று தனியாக ஒரு பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு அது மூன்று ரிங்கிட் சொச்சம்தான். சின்னத் தொகை என்பதால்தான் அது விடுபட்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பிடித்தம் இல்லையென்றால், வேலையில் இருக்கும்போதே பெர்கேசோவில் புகார் கொடுங்கள். சந்தா கட்டாமல் விடுவது முதலாளி செய்யும் குற்றம்.

வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இந்த நாள்கள் எப்படிக் கரைகின்றன என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் நிர்வாகம் தரவேண்டிய பணிநிறுத்த இழப்பீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டின் விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் அது வரவேண்டும். அது வேறு, இது வேறு; ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்க வேண்டிய காரணமே இல்லை. அடுத்து தோட்ட வீட்டைக் காலி செய்யும் அலைச்சல் வருகிறது. கடிதங்கள் எல்லாம் ஆளில்லாத பழைய லயத்து வீட்டுக்கே போகின்றன. பெர்கேசோ முகப்பிடத்துக்குப் போனால் இணையத்தில் விண்ணப்பியுங்கள் என்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் முதலாளியின் கடிதம் எங்கே என்கிறார்கள். முதலாளியின் அலுவலகமோ பூட்டிக் கிடக்கிறது. அறுபது வயதை நெருங்கும் ஒருவரை இப்படி மூன்று பேருந்து மாறி அலையவிடுவதில் எந்த நிர்வாக நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் தாள்களை வைத்தே கெடுவுக்குள் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு எண்ணையும் தேதியையும் எழுதி வாங்காமல் முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மறுபரிசீலனைக்கு மனுச் செய்யுங்கள்.

இவ்வளவும் தாண்டி வந்த பிறகு, பயிற்சியிலேயே ஒரு குழி இருக்கிறது. பெர்கேசோ அங்கீகரித்த பயிற்சி நிலையத்துக்குத்தான் கட்டணம் கிடைக்கும், அதுவும் ஒப்புதல் வந்த பிறகு தொடங்கும் பயிற்சிக்குத்தான். முன்பணம் கட்டுங்கள், பிறகு சொக்சோவில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். பசுமைத் தொழில் என்று விளம்பரம் செய்யும் எல்லாப் பயிற்சியும் அந்த வேலையைத் தந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூரை மேல் தகடு ஏற்றுவதற்கு உடல் வலு போதும். கம்பி இணைப்பைச் செய்ய, எரிசக்தி ஆணையம் தரும் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சோலார் பயிற்சிகளில் சில, அந்தச் சான்றிதழ் உள்ளவரை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சில வாரப் பயிற்சியை முடித்துவிட்டு, இன்னமும் தகடு சுமக்கும் வேலையில்தான் இருக்கிறார்; சம்பளம் தோட்டத்தில் வாங்கியதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. வயர்மேன் பயிற்சியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெயர் கொடுப்பதற்கு முன் பயிற்சி நிலையத்திடம் இரண்டே கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: இந்தச் சான்றிதழைக் கொண்டு நான் சட்டப்படி எந்த வேலையைத் தனியாகச் செய்யலாம், சென்ற முறை படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? எழுத்தில் பதில் தராத இடத்தில் சேராதீர்கள்.