இருமினால் வலி, வலிக்கு மருந்து தந்தால் குமட்டல்

கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம். விலாவுக்கு அந்த வசதி இல்லை. நுரையீரல் அறுவைக்காக விலாக்களை விரித்துத் திறந்த நெஞ்சு, அன்றைக்கே நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை விரிந்து சுருங்கியாக வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது; விரிக்கும் கருவி அதையும் நசுக்கியிருக்கும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா வந்து சேரும்.

மார்ஃபின் வலியைத் தணிக்கும். ஆனால் மூளையின் முகுளத்தில் இரத்தத்தை நேரடியாக மோப்பம் பிடிக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. நஞ்சு வந்தால் வாந்தியைத் தூண்டுவது அதன் வேலை. மார்ஃபினையும் அது நஞ்சாகவே எடுத்துக்கொள்கிறது. குமட்டி ஓங்கரிக்கும்போது தையல் போட்ட நெஞ்சு குலுங்கி, வலி மறுபடி கூடும்.

யாருக்கு வாந்தி வரும் என்பதை நான்கு கேள்விகளால் ஓரளவு கணிக்கலாம்: பெண்ணா, புகைக்காதவரா, பேருந்துப் பயணத்திலோ முந்தைய அறுவையிலோ வாந்தி எடுத்தவரா, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா? எதுவும் இல்லாவிட்டால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், நான்கும் இருந்தால் 80. (புகைப்பவருக்கு இதில் லாபம்தான், நுரையீரல் கணக்கில் அது நஷ்டம்.)

வாய்ப்பு கூடினால் வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்துகள். டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மில்லிகிராம், தொடக்கத்தில். ஆனால் நோயாளி உறங்கிய பிறகு. விழித்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் பிறப்புறுப்புப் பகுதியில் கடும் அரிப்பு எடுக்கும். ஓண்டான்செட்ரான் 4 மில்லிகிராம், அறுவை முடியும்போது. அதையும் மீறி ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அதே மருந்தைத் திரும்பத் தருவதில் பெரிய பயனில்லை, வேறு வகைக்கு மாற வேண்டும்.

மார்ஃபினின் தேவையையே குறைப்பது இன்னும் நல்லது. முதுகெலும்பை ஒட்டி, நரம்பு வெளியே வரும் இடத்தில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். கூடவே பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. எடை குறைந்தவர், ஈரல் நோயாளி என்றால் அளவு குறையும். எபிடியூரல், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே மரப்பு மருந்து செலுத்தும் குழாய், வைத்தால் இரத்த அழுத்தம் சரியலாம். அந்தச் சரிவே குமட்டும். ஆகவே குமட்டலுக்கு ஊசி போடுமுன் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் அறுவை நடந்த பக்கத்துத் தோள் வலிக்கலாம். அந்த வலியைக் கொண்டுவருவது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நரம்பு. அது கழுத்திலிருந்து வருவதால் நெஞ்சில் வைத்த எபிடியூரல் அதை எட்டாது. பாரசிட்டமாலோ, சிறுநீரகம் அனுமதித்தால் வேறு வலி மாத்திரையோ கொடுத்தால் தணியலாம்.