சிறுவர் இல்லங்களுக்கு உதவ முன்வருவோரின் கவனத்துக்கு

ஆண்டுதோறும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகள் நிறையும்போது, திருகோணமலை மாவட்டத்துச் சிறுவர் இல்லங்களுக்கும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் வந்த நம்மவர்களும், கடற்கரைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகளும், "பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் மனத்தில் கள்ளமில்லை. ஆயினும் இம்மாவட்டத்தில் சிறுவர் பராமரிப்புச் சார்ந்த சமூகப்பணியில் இருக்கும் எனக்கு, "வேண்டாம்" என்பதே பெரும்பாலும் சரியான பதிலாகப் படுகிறது. அதன் காரணத்தையும், அந்த நாளையும் பணத்தையும் வேறு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

இல்லத்தில் வளரும் பிள்ளை என்றால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உலகளவில் பராமரிப்பு நிலையங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்கேனும் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருப்பதாக 2009 இல் சேவ் த சில்ரன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை கூறியது. என் கையிலுள்ள கோப்புகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. தகப்பன் விட்டுப் போயிருப்பார். நுண்கடன் தவணையை அடைக்கத் தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப்பணிக்குச் சென்றிருப்பார். அம்மம்மாவின் முதுமை பிள்ளையைப் பார்க்க இடம்கொடுக்காது. வேறு சில பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆபத்து இருக்கும். அவர்களை நீதவானின் கட்டளையோடு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஆனால் வறுமை மட்டுமே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அந்த வழிகாட்டல்களுக்கு அடிப்படையான ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இலேயே ஏற்று உறுதிப்படுத்தியது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல்கோளுக்குப் பின்னர் இக்கரையில் நடந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். அப்போது பெற்றோரை இழந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரைச் சித்தியும் மாமாவும் பெரியம்மாவுமே ஏற்றுக்கொண்டார்கள். வெளிநாடுகளிலிருந்து வந்த பணத்தில் கணிசமான பங்கோ கட்டடங்களைத் தேடிச் சென்றது. கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், அனுப்பியவருக்குப் படம் அனுப்பலாம். பிள்ளையை ஏற்ற சித்திக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவியை அப்படிக் காட்ட முடியாது. கட்டி முடித்த இல்லத்தில் கட்டில்கள் காலியாகக் கிடந்தால் கொடையாளர் கேள்வி கேட்பார். பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம் வரும் இல்லத்தில், ஒரு பிள்ளை வீடு திரும்பும் நாள் நிர்வாகத்துக்கு வருமானம் குறையும் நாளாகிவிடுகிறது. எவரும் தீயவராக இல்லாமலே இந்தத் தீங்கு நடந்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

வருகை தருவோரால் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த ஒருவரின் மடியில் உடனே ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "என்ன பாசமான பிள்ளை!" என்று நெகிழ்கிறார்கள். பாதுகாப்பான உறவில் வளரும் அந்த வயதுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் முதலில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். எவரையும் கண்டவுடன் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒரு பராமரிப்பாளர் கிடைக்காத பிள்ளைகளிடம் நாங்கள் கவனிக்கும் அறிகுறி. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கி, நிலையங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்னர் மாற்றப்பட்டவர்கள், அறிவு வளர்ச்சியிலும் உறவுப் பிணைப்பிலும் நன்கு தேறியதாகக் கண்டறியப்பட்டது. பிள்ளைக்கு வேண்டியது மாறாத சில முகங்கள். இரண்டு வாரம் விளையாடி, ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அழுதுகொண்டே விடைபெறும் தன்னார்வலர் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைத் தந்துவிட்டே விமானம் ஏறுகிறார்.

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பது நம்மிடையே வேரூன்றிய நல்ல வழக்கம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, ரொறன்ரோவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்காக வாழ்த்துப் பாடவைத்து, வட்ஸ்அப்பில் காணொளி அனுப்பும் பழக்கத்தைக் கைவிடலாம். அந்த வரிசையில் நிற்கும் பிள்ளையின் பிறந்தநாள் எப்போது என்று எவரும் கேட்பதில்லை. விடுமுறைக் காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று பிரியாணியும், மற்றைய மாதங்களில் பருப்பும் சோறுமாக இருப்பதைவிட, ஆண்டு முழுவதற்குமான முட்டை, பால், மீன் செலவைப் பொறுப்பேற்பது பயனுள்ளது.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது நம்மவர்கள் மனம் நோகிறார்கள். அதற்காகச் சொல்லாமல் விட முடியாது. தன் நாட்டில் பிள்ளைகளோடு பணிபுரிய அனுமதிக்கப்படாத ஒருவர், கேள்வி கேட்காத நாட்டைத் தேடி வரக்கூடும். விடுமுறையில் வந்து இல்லங்களில் பணிபுரியும் இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்குகளை 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. பிரித்தானியாவிலிருந்து வருவோர், குற்றப் பதிவுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழைப் பெற்றுவர முடியும். அதைக் கேட்கும் இல்லம் உங்களை அவமதிக்கவில்லை. கேட்காத இல்லத்தைப் பற்றியே நீங்கள் கவலைப்பட வேண்டும். பிள்ளையின் முகமும் பெயரும் கதையும் முகநூலில் ஏறினால் அது பாடசாலை வரைக்கும், திருமணப் பேச்சு வரைக்கும் பின்தொடரும். சந்தேகத்துக்குரிய எதையேனும் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழுவாகவோ சங்கமாகவோ கோயில் சபையாகவோ இங்குள்ள அமைப்பொன்றுக்குப் பங்காளிகளாக இருப்பவர்கள், அடுத்த தவணைப் பணத்தை அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் இல்லம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கட்டளையின் பேரில் அங்கு இருக்கிறது? கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அந்த அமைப்பை உங்களுக்கு உள்ளபடி காட்டிவிடும்.

வீடு திரும்பிய பிள்ளையைப் போய்ப் பார்க்கும் சமூகப்பணியாளரின் சம்பளத்துக்குப் பணம் தருவோர் அரிது. பேச்சுச் சிகிச்சை, உளவளத்துணை, கணக்கியல் தெரிந்த தன்னார்வலர், பிள்ளைகளோடு இரண்டு வாரம் இருப்பதற்குப் பதிலாக, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கப்போகும் பராமரிப்பாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி கொடுத்தால் அது நிலைத்து நிற்கும். தொடர்ந்து இணையவழியாகவும் நடத்தலாம். வெருகலிலோ குச்சவெளியிலோ இருக்கும் தாய் நகரிலுள்ள பிள்ளையைப் பார்க்க வர வேண்டுமானால் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்கிறார். வராத மாதங்கள் கூடக் கூட, "தாய்க்கு அக்கறையில்லை" என்று கோப்பில் எழுதப்படுகிறது. அந்தப் பயணச் செலவுக்கென்று ஒரு வரியை எந்தக் கொடையாளரின் வரவுசெலவுத் திட்டத்திலும் நான் இதுவரை கண்டதில்லை.

பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோரையும் மறந்துவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்கு அனுசரணை வழங்கப் பலர் இருக்க, பதினெட்டு வயதுப் பையனுக்கு அறை வாடகையின் முற்பணத்தைக் கட்ட ஆளில்லை. பிறப்புப் பதிவு இல்லாமல் வந்த பிள்ளைக்குக் காலங்கடந்த பதிவும் தேசிய அடையாள அட்டையும் எடுத்துக் கொடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைய ஒருவர் வேண்டும். அவை கையில் இல்லாவிட்டால் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பதும் வங்கிக் கணக்குத் திறப்பதும் தடைப்படும். நீங்கள் ஆதரிக்கும் அமைப்பிடம், இந்த ஆண்டு வெளியேறவிருக்கும் பிள்ளைகளில் எவருக்கு எந்த ஆவணம் இன்னும் இல்லை என்று பெயர் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டு, அந்த வேலைக்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.