ஃபெய்த்: நம்பிக்கையா, விசுவாசமா?

ஃபெய்த் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன? வேலூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். மேல்விசாரத்து முஸ்லிம் நண்பர் ஈமான் என்பார். சி.எஸ்.ஐ. சபைக்குப் போகும் பாட்டி விசுவாசம் என்பார். ஆஸ்பத்திரி வாசலில் மாத்திரைச் சீட்டோடு நிற்பவர், "டாக்டர் மேல நம்பிக்கை இருக்குங்க" என்பார். மூவர் சொல்வதும் சரிதான்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் ஃபிதெஸ். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வாக்கு மாறாமல் நிற்பது, அப்படி நிற்பவரை நம்புவது என இரண்டையும் ஃபிதெஸ் குறித்தது. பள்ளியில் வாங்கும் போனஃபைடு சர்டிபிகேட்டிலும் கோர்ட்டில் கொடுக்கும் அஃபிடவிட்டிலும் இதே வேர்தான் இருக்கிறது.

விசுவாசம் வடமொழிச் சொல். உள்ளே சுவாசம் இருப்பதைக் கவனியுங்கள்: பயம் நீங்கி நிம்மதியாக மூச்சுவிடுவதுதான் அதன் அடிப்படை. ஃபிதெஸ் போலவே இதற்கும் இரண்டு முகம். கடவுளிடம் விசுவாசம் என்கிறோம், முதலாளிக்கு விசுவாசமான ஆள் என்றும் சொல்கிறோம்.

நம்பிக்கை நம் சொந்தச் சொல். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம். ஆக, நம்புவதற்குள் ஆசைப்படுவதும் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது. வேலூர்க் கோட்டைக் கோயில் பல தலைமுறைகள் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981இல்தான் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பினார். அதுவரை காத்திருந்தவர்களின் மனநிலைக்கு நம்பிக்கையைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த எதிர்பார்ப்புச் சாயல்தான் மொழிபெயர்ப்பில் சிக்கலாகிறது. ஆங்கில பைபிளில் "ஃபெய்த், ஹோப், லவ்" என்று வரும் இடம், பழைய தமிழ் வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றும், கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்றும் இருக்கிறது. அங்கே ஹோப்புக்கு நின்ற அதே சொல் இங்கே ஃபெய்த்துக்கு நிற்கிறது! பொது எழுத்தில் நான் நம்பிக்கை என்றே எழுதுவேன். ஹோப் பக்கத்தில் வந்தால் அதை எதிர்நோக்கு ஆக்கிவிடலாம்.

எல்லா இடத்துக்கும் நம்பிக்கை என்ற சொல் பொருந்தாது. 1806இல் வேலூர்ச் சிப்பாய்கள் கொதித்ததற்குப் புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் முக்கியக் காரணங்கள். அங்கே புண்பட்ட ஃபெய்த்தைச் சமயம் என்றுதான் எழுத வேண்டும். சட்டத்தில் வரும் குட் ஃபெய்த் என்றால் நல்லெண்ணம்.