சூட்டில் ஓடும் மெக்னீசியம் வார்ப்பு: டென்சைல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

அலுமினியத்துக்குப் பதிலாக மெக்னீசியத்தில் ஒரு கியர்பாக்ஸ் மூடியோ மோட்டார் கூடோ ஊற்றலாமா என்று கோவைப் பக்கத்து பவுண்டரிக்காரர்கள் பேச வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "ஏனுங்க, டென்சைல் எவ்வளவு வரும்?" (இழுத்தால் எவ்வளவு அழுத்தம் வரை அறுந்துபோகாமல் தாங்கும் என்ற எண்.) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராமிலிருந்து 1.8-க்கு இறங்குகிறது, மூன்றில் ஒரு பங்கு எடை மிச்சம், ஆசை வருவது இயல்புதான். ஆனால் 150 டிகிரி சூட்டில் வேலை செய்யப்போகும் பொருளுக்கு அறை வெப்பத்தில் எடுத்த டென்சைல் எண்ணை வைத்துக் கலவை தேர்ந்தெடுப்பது ஆபத்து. லேபில் உலோகம் சோதிக்கிறவனாக இதை அழுத்தியே சொல்கிறேன்.

டை காஸ்டிங்கில் (உலோக அச்சில் அழுத்தி வார்ப்பது) எல்லோரும் கை வைப்பது ஏஇசட்91 கலவை: 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். அச்சில் நன்றாக ஓடும், விலையும் கட்டுப்படியாகும், ஈல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 150 எம்பிஏ (மெகாபாஸ்கல்) பக்கம் நிற்கும். அருமண் (ரேர் எர்த் உலோகங்கள்) சேர்த்த ஏஇ44 கலவை அறை வெப்பத்தில் அதைவிட ஒன்றும் பெரிதாகச் சாதிக்காது. அதனால்தான், வரைபடத்தில் ஏஇ44 என்று இருந்தும், "ஏஇசட்91-லயே பண்ணிக் குடுத்துடலாங்க, ஹார்ட்னஸ் கூட நல்லாத்தான் இருக்கு" என்று பேச்சு வருகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஈல்டுக்கு எவ்வளவோ கீழே உள்ள பளுவில்கூட, சூட்டில் நாள்பட நாள்பட உலோகம் இளகி உருமாறுவதுதான் க்ரீப். பரணில் வருடக்கணக்காக மூட்டை ஏற்றி வைத்த பலகை தொய்கிற மாதிரி. கெல்வின் கணக்கில் உருகுநிலையின் பாதியை நெருங்கும்போதே இந்தத் தொல்லை தலைகாட்டிவிடும். இரும்புக்கு அந்தப் பாதி 600 டிகிரிக்கு மேல்; 650 டிகிரியில் உருகும் மெக்னீசியத்துக்கோ 190 டிகிரிகூட இல்லை. ஏஇசட்91-இல் இது இன்னும் முன்கூட்டியே, 120 டிகிரியைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிடுகிறது. காரணம், கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகத் துணுக்கு) எல்லைகளில் படியும் மெக்னீசியம்-அலுமினியம் சேர்மம். அது சூட்டில் மெத்தென்று ஆகி, கிரெயின்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுத்துவிடும்.

பெரும்பாலும் இதை முதலில் காட்டிக்கொடுப்பது போல்ட்தான். மெக்னீசியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 26 மைக்ரான் விரியும், எஃகு போல்ட் 12-தான். 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இறுக்கும் விளிம்பு) 130 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 45 மைக்ரான். அந்த விரிவை போல்ட் தடுத்துப் பிடிப்பதால் அதன் தலைக்கடியில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும், அங்கே மெக்னீசியம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொடுக்கும், அப்புறம் வண்டி நின்று ஆறினதும் எல்லாம் சுருங்க, போல்ட்டில் பழைய இறுக்கம் இருக்காது. இப்படியே சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் எண்ணெய் கசியும். கசிவைப் பார்த்தவர்கள் கேஸ்கெட்டை மாற்றுவார்கள், டார்க் ரெஞ்ச் பிடித்தவரைத் திட்டுவார்கள். அவர் சரியாகத்தான் முறுக்கியிருப்பார்.

சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண்களைப் போட்டால் என்ன ஆகிறது? அவை அலுமினியத்தைத் தங்களோடு கட்டிக்கொண்டு, சூட்டிலும் அசையாத மெல்லிய தகடுகளாக எல்லைகளில் உட்கார்ந்துவிடும், அந்த மெத்தென்ற சேர்மம் உருவாக அலுமினியம் மிஞ்சாது. கணக்கு இங்கேதான் முக்கியம். 9 சதவீத அலுமினியம் உள்ள ஏஇசட்91-இல் பெயருக்கு 1 சதவீதம் மிஷ்மெட்டல் (அருமண்களின் கலவை) போட்டுவிட்டு "நாங்களும் அருமண் சேர்த்துட்டோம்" என்பது வீண் செலவு. கட்டப்படாத அலுமினியம் ஏராளமாக மிஞ்சும். 4 சதவீத அலுமினியத்துக்கு 2 சதவீதம் அருமண் உள்ள ஏஇ42-கூட 150 டிகிரிக்கு மேல் தடுமாறும். 4-க்கு 4 என்ற ஏஇ44 அதைவிட நன்றாகத் தாங்கும். 2006 கார்வெட் இசட்06 காரில் இன்ஜினைத் தாங்கும் சட்டம் இந்த ஏஇ44-இல்தான் வார்க்கப்பட்டது.

மணல் வார்ப்பு செய்கிறவர்களுக்கு வழி வேறு. சூட்டுக்கென்று அங்கே போடும் கலவைகளில் அலுமினியமே கிடையாது, கிரெயினைச் சிறிதாக்க ஜிர்கோனியம் போடுவார்கள் (அலுமினியமும் ஜிர்கோனியமும் சேர்ந்தால் சேர்மமாகி அடியில் படிந்துவிடும், இரண்டையும் கலக்கவே கூடாது). இட்ரியமும் நியோடிமியமும் உள்ள டபிள்யூஇ43, 525 டிகிரியில் 8 மணி நேரமும் 250 டிகிரியில் 16 மணி நேரமும் பதப்படுத்தினால் 250 டிகிரி வரை தாங்கும். உருக்கும்போது மெக்னீசியம் குளோரைடு ஃபிளக்ஸை (உருகிய உலோகத்தைச் சுத்தம் செய்யப் போடும் உப்பு) கொட்டினால் அந்த விலையுயர்ந்த இட்ரியத்தை ஃபிளக்ஸே தின்றுவிடும். 2025 ஏப்ரலில் சீனா இட்ரிய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, இப்படி வீணாக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஆகவே ஆர்டர் எடுக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் எந்தச் சூடு, என்ன பளு, எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். சில நிமிடத்தில் முடிகிற ஹாட் டென்சைல் இதற்குப் போதாது. 100 மணி நேரமாவது பளுவில் வைத்த க்ரீப் சோதனையும், போல்ட் இறுக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற சோதனையும் வேண்டும். ஸ்பெக்ட்ரோவுக்கு (எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின்) சாம்பிள் கொடுக்கும்போது மெக்னீசியம் கலவைகளுக்கான அமைப்பு அதில் இருக்கிறதா, சீரியம், லாந்தனம், நியோடிமியம், இட்ரியம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருமா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். அலுமினியத்துக்கு மட்டும் அமைத்த மெஷினில் இந்த வார்ப்பை வைத்துப் பார்த்துப் பயனில்லை.