இரவு 12.30-க்குக் கதிர் வருமாம்!

"இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகே கடக்கின்றன. செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். நாசா சொல்லியிருக்கிறது." பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பக் குழுக்களையும் அது விடுவதில்லை. நான் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். எக்ஸ்ரேயைப் போன்ற, ஆனால் பொதுவாக அதைவிட ஆற்றல் மிகுந்த காமா கதிரை அளப்பதும் அடக்குவதும்தான் என் வேலை. அதனால் ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் போனை நீட்டி என்னிடமே கேட்கிறார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "ஏம்ப்பா, மேலேர்ந்தும் வருதாம், நீங்களும் உள்ள வச்சுக் குடுக்கறீங்க, ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் ஆயிடாதா?" என்றார். நியாயமான கேள்விதான்.

வானத்திலிருந்து காமா கதிர் திடீரென்று பாய்வது உண்மை. அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-லேயே அதைப் பதிவு செய்துவிட்டன. வெளியுலகுக்கு 1973-ல்தான் சொன்னார்கள். ஆனால் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது. காமா கதிர் ஒளியின் வேகத்தில் வருகிறது. அதை முந்திக்கொண்டு வர எந்தத் தகவலாலும் முடியாது. மணி குறித்து வரும் எச்சரிக்கை பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நிஜமாகவே ஒன்று நம் தலைக்கு மேல் வந்தது. 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். மாலை 6.47-க்கு, திருவோண நட்சத்திரத்துக்கு வடமேற்கே கொஞ்சம் தள்ளி, கிட்டத்தட்ட நம் உச்சி வானத்திலிருந்து, அதுவரை பதிவானதிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு வந்து சேர்ந்தது. பெரிய நட்சத்திரம் ஒன்று தன் எடையிலேயே நொறுங்கியபோது கிளம்பிய பீய்ச்சல் அது. வந்து சேர சுமார் 190 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கிறது. இப்படி ஒன்று 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கீழே யாருக்கும் தெரியவில்லை, போன்களும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

காரணம் காற்று. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு, அல்லது நாலு மீட்டருக்கு மேல் தடிமனுள்ள கான்கிரீட்டுக்குச் சமம். சிகிச்சை அறைக்கு நாங்கள் கட்டும் சுவர்கூட அவ்வளவு இல்லை. மேலே அயனி மண்டலம், அதாவது காற்றின் மின்னேற்றம் பெற்ற மேலடுக்கு, கலங்கியது என்னவோ உண்மை, கருவிகள் அதைப் பதிவு செய்தன. தரைக்கு அந்தக் கதிர் வரவில்லை. சரி, காற்றே இல்லாத இடத்தில் ஒருவர் நின்றிருந்தால்? பதிவான ஆற்றலை வைத்துக் கணக்குப் போட்டேன். உடலில் படும் கதிரின் அளவை மைக்ரோசீவர்ட்டில் சொல்வோம். அதில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. (அதற்காக எக்ஸ்ரேவுக்குப் பயப்படத் தொடங்கிவிடாதீர்கள்.)

அதே காற்றால்தான் இந்த வெடிப்புகளைப் பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருந்தும் காமா கதிர் அதன் கண்ணில் படாது. வெடிப்புக்குப் பிறகு மங்கிக்கொண்டே போகும் ஒளியைத்தான் தரையிலிருந்து பார்க்கலாம்.

மேலே போயிருக்கும் கருவிகள் எனக்கு அந்நியமானவை அல்ல. நாசாவின் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் வெடிப்புக் கண்காணிப்பானில் 12 சோடியம் அயோடைடு படிகங்கள். நோயாளியின் உடலிலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் எங்கள் காமா கேமராவிலும் அதே படிகம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-ல் போன நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் காட்மியம் சிங்க் டெல்லூரைடு என்ற வேறொரு படிகம். புதிய இதய ஸ்கேன் கேமராக்களில் அதுவும் உண்டு. இயங்கத் தொடங்கிய முதல் நாளே ஆஸ்ட்ரோசாட்டின் அந்தக் கருவி ஒரு வெடிப்பைப் பிடித்தது, பிறகு 500-க்கு மேல்.

2022 அக்டோபர் வெடிப்பின்போது ஃபெர்மி திணறிப்போனது. கதிரை எண்ணிக் காட்டும் கெய்கர் கருவியைப் பலமான கதிர்மூலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஏறுவதற்குப் பதில் சில சமயம் இறங்கிவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதை நம்பி உள்ளே போகாதே என்றுதான். ஃபெர்மிக்கு நேர்ந்ததும் அந்த வகைச் சிக்கல்தான். எண்ண முடியாத வேகத்தில் காமா ஒளித்துகள்கள் வந்து குவிந்தன. உச்சத்தைத் திணறாமல் அளந்தவற்றில் ஒன்று, பத்து சென்டிமீட்டர் பெட்டி அளவே இருந்த கிரப்ஆல்ஃபா என்ற குட்டிச் செயற்கைக்கோள். கருவி சிறியதாக இருந்ததே வசதியாகிவிட்டது. ஸ்விஃப்ட் தொலைநோக்கிக்குப் பூமி மறைத்துக்கொண்டதால் அது 7.40-க்குத்தான் கவனித்தது. அப்போதும் அவ்வளவு வெளிச்சம்! நம் பால்வழிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்றே முதலில் நினைத்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் 2024-ல் வெளிவந்தது. புற்றுநோயைத் தேட நாங்கள் எடுக்கும் பெட் ஸ்கேனில் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழியும்போது 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் கிளம்பும். தினமும் நாங்கள் பார்க்கும் எண் அது. அந்த 2022 வெடிப்பின் ஃபெர்மி தரவில், திணறல் ஓய்ந்த பகுதியில், 10 மெகா (அதாவது 10,000 கிலோ) எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு கூர்மையான மேடு தெரிந்தது. பீய்ச்சல் ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்தில் நம்மை நோக்கி வந்ததால் அதே 511 இருபது மடங்கு உயர்ந்து தெரிகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஃபெர்மியின் தரவு யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கிறது. காட்பாடியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் சொல்வது: வெடிப்பு தொடங்கி நான்கைந்து நிமிடம் கழிந்த பகுதியை எடுத்து வரைந்து பாருங்கள், அப்புறம் பெட் அறைக்கு வாருங்கள்.