காதுச் சோணையும் நமது பார்வையும்

அண்மையில் பதினேழு வயது மாணவன் ஒருவன், காது மடலின் மேற்பகுதி சிவந்து வீங்கிச் சீழ் கட்டிய நிலையில் எனது சிகிச்சை நிலையத்திற்கு வந்தான். குருத்தெலும்பில் துளையிட்டு ஒன்பது நாட்களாகியிருந்தன. வீட்டில் “காவாலி” என்று ஏசுவார்கள் என அஞ்சி, அத்தனை நாளும் தொப்பியால் மறைத்திருக்கிறான். அவனை அழைத்துவந்த அம்மப்பாவின் இரு சோணைகளிலும் (காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதி), சிறு வயதில் கடுக்கன் அணிந்த துளைகளின் தழும்பு இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைக்குக் காது குத்துவது ஒரு காலத்தில் குடும்பத்தின் மங்கல நிகழ்வாக இருந்தது. நாம் வணங்கும் சிவனின் திருவுருவமே ஒரு காதில் குழையும் மறு காதில் தோடும் உடையது. பின்னர் ஆங்கிலக் கல்வியும் கந்தோர் உத்தியோகமும் பரவ, கடுக்கன் பழமையின் அடையாளமாகிக் கழன்றது; இன்று அதே துளை ஓர் இளைஞனின் ஒழுக்கத்தையே சந்தேகிக்கக் காரணமாகிறது. அந்தப் பழைய பெருமையும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் பொன் நகை அணிவதையே குற்றமாகக் கருதிய ஊர்கள் இங்கே இருந்தன. சாதியின் பேரால் ஒதுக்குவதைக் குற்றமாக்கிய, சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல்தான் வந்தது.

மருத்துவருக்கு முக்கியமானது துளை எந்த இடத்தில் இடப்பட்டது என்பதே. சோணை கொழுப்பும் தொடுப்பிழையமுமாக, இரத்தவோட்டம் மிகுந்திருப்பதால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக்குழாய் இல்லை. தன்னைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலிருந்தே அது உயிர் பெறுகிறது. சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்து சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் தேங்கினால், குருத்தெலும்பு பட்டினி கிடந்து இறக்க, மடல் சுருங்கி உருக்குலையும். துளையிடும் துப்பாக்கி இழையத்தை நசுக்குவதோடு, அதன் பிளாஸ்டிக் பாகங்களை நீராவியில் கிருமி நீக்கவும் முடியாது என்பதால், மேல் மடலில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

மடல் சூடாகி, வலி நாளுக்கு நாள் கூடினால் அன்றே மருத்துவரிடம் வரவேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பை அழிக்கிறது என்பதால், பெற்றோர் விசாரணையைப் பின்னுக்கு வைத்து முதலில் காதைப் பார்க்குமாறு மன்றாடிக் கேட்கிறேன்.

அந்த மாணவனின் சீழை அகற்றி, பொருத்தமான நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்ததில் தொற்று அடங்கியது. மேல் விளிம்பு மட்டும் உள்மடிந்தே நிற்கிறது.